கொழுப்புத் திசுவின் ஹார்மோனும் அதற்குரிய நோயாளரும்

உடற்கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்னும் கருத்து 1994-ஆம் ஆண்டில் பெரிதும் ஆட்டங்கண்டது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், கொழுப்பு உயிரணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனுக்குரிய மரபணுவை அவ்வாண்டில் கண்டறிந்தனர். உடலில் கொழுப்பு போதிய அளவு உண்டென மூளைக்கு அறிவிப்பது லெப்டினின் பணி. பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டதென எழுந்த ஆரவாரம் விரைவில் அடங்கிற்று. பருத்தவர் பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் மிகுந்தே உள்ளது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

ஆயினும் அதனை வீணென்று ஒதுக்குவது தவறு. பிறவியிலேயே கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாதவர் மிகச் சிலர் உளர். லெப்டின் குறைவால் அவர்களுக்கு ஓயாத பசி. தங்க இடமற்ற கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. இன்சுலின் பயன் குன்றிக் கடும் நீரிழிவு தோன்றுகிறது. லெப்டினை ஒத்த மெட்ரிலெப்டின் ஊசிமருந்தை அமெரிக்க அரசு 2014-இல் இத்தகையோருக்கென்றே அனுமதித்தது. நாள்தோறும் செலுத்த வேண்டிய அம்மருந்தின் விலையோ மிகப் பெரிது.

விலையைப் பேசுமுன் நோயாளியைக் கண்டறிய வேண்டுமே! கொழுப்பற்று முறுக்கேறிய கைகால், புடைத்த இரத்தக் குழாய்கள், கறுத்த கழுத்து, அடங்காப் பசி ஆகிய குறிகளுடன் வரும் குழந்தையை, ஊட்டக்குறைவு எனப் பதிவேட்டில் எழுதி மேலும் உண்ணக் கொடுத்தனுப்புவது எளிது. அக்குழந்தைக்கு முதலில் வேண்டுவது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யத்தக்க இரத்தச் சர்க்கரைச் சோதனை.