நிலத்துக்குள் ஓர் ஐஸ் ஹவுஸ்



திருவல்லிக்கேணி பஸ்ஸில் கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ்" என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். ஐஸ் எங்கே என்று தேடியதுண்டா? மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம்தான் அது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைப் பத்திரப்படுத்த 1842-ல் கட்டினார்கள்.

வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பிரதேசத்தில் நிலமே ஓர் ஐஸ் ஹவுஸ்! அடிமண் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும். மேல்மண் மட்டும் கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி இறுகும். எவ்வளவு ஆழம் இளகுகிறது? கோடை முடிவில் விஞ்ஞானிகள் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்துகிறார்கள். 'டக்'கென்று எங்கே நிற்கிறதோ, அதுதான் உறைமண். (இட்லி வெந்ததா என்று அம்மா குத்திப் பார்ப்பாரே, அதே வேலைதான்.) 100 மீட்டர் சதுரத்தில் 121 இடங்கள், அடுத்த ஆண்டும் அதே இடங்கள்.

ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு கோடை சுடும், இன்னொன்று குளிரும். 1990-களிலிருந்து பல நாட்டவரும் பொறுமையாக அளந்ததில், பல இடங்களில் ஆழம் கூடிவருவது தெரிந்தது. உறைமண்ணில் பல ஆயிரம் ஆண்டுகளாக மக்காமல் கிடக்கும் செடிகொடிகள், இளகியதும் மக்கத் தொடங்கும். அப்போது வெளிவரும் கரியமில வாயுவும் மீத்தேனும் பூமியை மேலும் சூடாக்கும். மேலும் மண் இளகும்.

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008-ல் இந்தியா திறந்த 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும் அப்படிப்பட்ட உறைமண் மீதுதான் நிற்கிறது.