நெடிய அங்கி

கழுத்துத்துணி பின்னப் பழகிய மாணவி, நீண்ட மேலங்கி என்றதும் அஞ்சுகிறாள். அஞ்ச வேண்டியதில்லை. முதுகு, இரு முன்புறங்கள், இரு கைகள் ஆகிய ஐந்தும் அவள் அறிந்த பின்னலே. புதிதாக வேண்டுவது கணக்கு ஒன்றுதான். மாதிரித் துண்டில் 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணிகள் இருப்பின், 50 சென்ரிமீற்றர் முதுகுக்கு 90 கண்ணிகள். நூல் விலை மிகுதியெனில், பழைய பின்னலுடையைப் பிரித்து நூலை மீட்கலாம்.

இம்முயற்சி எதற்கு என்பார்க்கு வரலாறு விடை தரும். 19ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களில், தொழிலாளர் குளிருக்குப் போர்த்திய கம்பளியும் கடனாகவே வந்தது. அதன் விலை கூலியிற் கழிந்தது. அவர் வழிவந்த பிள்ளைகள் குளிருடையைத் தம் கையாலேயே ஆக்குவது வெறும் பொழுதுபோக்கன்று, தன்மானம். மலையகப் பாடசாலைகள் இக்கலையைக் கழுத்துத்துணியோடு நிறுத்திவிடலாகாது.