விளையாட்டே முதற்பாடம்

குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது பிள்ளைத்தமிழ். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் முஸ்லிம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். அப்பருவங்களை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கைகொட்டுவது சப்பாணி, நிலவை விளையாட அழைப்பது அம்புலி, மணல்வீட்டு விளையாட்டு சிற்றில், பறை முழக்குவது சிறுபறை, தேர் உருட்டுவது சிறுதேர். எழுத்தாணி பிடிக்கும் பருவம் ஒன்றேனும் அவற்றுள் இல்லை!

மேலை அறிஞரும் இதனையே வலியுறுத்தினர். ஜெர்மானியரான ஃபிரோபெல் தம் பள்ளிக்கு 1840-இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பெயரிட்டார். 1907-இல் உரோமாபுரியில் 'குழந்தைகள் இல்லம்' கண்ட மாண்டிசோரி அம்மையார், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். தொட்டும் அடுக்கியும் குழந்தை தானே கற்கும் என்பது இவர்தம் கொள்கையின் சாரம்.

இன்றோ, மழலையர் பள்ளிகள் பலவற்றில் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் தரப்படுகிறது. "ஏ முதல் இசட் வரை எழுதுகிறானா?" என்று பெற்றோராகிய நாம் கேட்கிறோம். "வினாக் கேட்கிறானா? பிறரோடு பகிர்ந்து உண்கிறானா?" என்று கேட்பதில்லை. உம்மாவும் நன்னியும் பேசும் தமிழுக்கும் அவ்வகுப்பில் இடமில்லை. இளங்கலை முதலாண்டில் எழுந்து நின்று நான்கு வாக்கியம் பேச அஞ்சும் மாணவரைக் காணுந்தோறும், இவ்வச்சம் கல்லூரியில் பிறந்ததன்று, 'வாய்மேல் விரல் வை' என்ற கட்டளையைக் கேட்ட நாளிலேயே பிறந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

"விளையாடுவதற்கா கட்டணம் செலுத்துகிறோம்?" என்று வினவுவோர் உளர். கட்டை அடுக்கும் குழந்தை எண்ணக் கற்கிறது. கதை கேட்கும் குழந்தை சொற்களைக் கோக்கக் கற்கிறது. களிமண் பிசையும் விரல்கள் எழுதுகோலுக்கு உரம் பெறுகின்றன. தன் முறைக்குக் காத்திருக்கும் குழந்தை வகுப்பறை ஒழுங்கைப் பயில்கிறது. முதல் வகுப்புக்கு இதனினும் சிறந்த ஆயத்தம் வேறில்லை.

இக்கல்வி செல்வர்க்கு மட்டும் உரியதன்று. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் முன்பருவக் கல்வியையும் அங்கன்வாடியின் பணிகளுள் ஒன்றாக வைத்தது. அங்கு அனுப்பினும் தனியார் பள்ளிக்கு அனுப்பினும், கட்டடத்தை நோக்காது, பயிற்சி பெற்ற ஆசிரியை உளரா, ஆடிப்பாட இடம் உண்டா என்று நோக்குவோம்.

கல்லூரிகள் கண்ட நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: மஹல்லாதோறும் நல்லதொரு மழலையர் பள்ளி காணுங்கள். அதன் ஆசிரியைக்குத் தக்க ஊதியம் தாருங்கள். எம்போன்ற கல்லூரி ஆசிரியர்க்கு அளிக்கும் மதிப்பை அவருக்கும் அளியுங்கள். அவர் வாய்திறந்து பேசப் பழக்கிய குழந்தையே, பதினைந்து ஆண்டுகள் கழித்து எம் வகுப்பில் அஞ்சாது வினா எழுப்பும்.