படையின் எழுதுகோல் யார் கையில்?

படை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன துப்பாக்கியும் அணிவகுப்புமே. ஆயின், ஒரு படையைப் பல்லாண்டு நிலைபெறச் செய்வன சம்பள ஏடும், களஞ்சியக் கணக்கும், பெயர்ப் பதிவுமாம். போர்வீரர் வருவர், போவர். இலிகிதரின் மேசை நிலைத்திருக்கும். அம்மேசையில் எவரை, எத்துணைக் காலத்துக்கு, எம்மொழியறிவோடு அமர்த்துவது என்பது இன்று இலங்கையர் ஆராய வேண்டிய வினாவாகும்.

வினா எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு, 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியை 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆட்கள் குறைவர், ஏடுகளோ குறையா. ஓய்வுபெறும் ஒவ்வொருவருக்கும் ஓய்வூதியக் கோவை ஒன்று திறக்கப்படுமன்றோ?

வெலிமடையிலிருப்போர்க்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. அண்மையிலுள்ள தியத்தலாவை, 1900இல் போயர் யுத்தக் கைதிகளின் முகாமாக விளங்கியது. 1950 முதல் புதிய படையினரைப் பயிற்றும் நிலையமாயிற்று. அதே 1900இல் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்ட தோட்டக்காரர் துப்பாக்கிப் படையும் எழுந்தது. துப்பாக்கியும் செக்ரோலும் ஒரே வகுப்பார் கையில் இருந்தன. 1949இல் அப்படை கலைக்கப்பட்டது. அவ்வாண்டே இலங்கை இராணுவம் சட்டப்படி அமைந்தது.

தொண்டர் படையின் இயல்பை நோக்குவோம். தொண்டர், தம் தொழிலைச் செய்துகொண்டே பயிற்சி பெறுபவர். அவர் வீடு திரும்பிய பின்னும் ஆயுதக் களஞ்சியத்தையும் ஏட்டையும் காப்பதற்கு நிரந்தர அலுவலர் சிலர் வேண்டும். அமெரிக்க மாநிலங்களின் தேசியக் காவற்படையினர் பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரு வாரங்களும் பயில்வர். எஞ்சிய நாட்களில் முழுநேர அலுவலர் பணியை நடத்துவர். அவர்களுள் ஒரு பகுதியினரான தொழில்நுட்ப அலுவலர், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசின் ஊழியராயினர். எனினும் படையிலும் உறுப்பினராயிருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. நம் நாட்டிலோ 1983 முதல் 2009 வரை நீடித்த போர், தொண்டரையும் பெரும்பாலும் முழுநேரப் படையினராக்கிற்று.

நீண்டகால அலுவலரால் நன்மை உண்டு: பழைய கோவைகளின் நினைவு அவரிடம் இருக்கும். தீமையும் உண்டு: பதவி அவருக்கே உரியதுபோலாகி, பின்னால் நிற்போரின் உயர்வு தடைப்படும். சீருடையினர் எவ்விடத்துக்கும் கட்டளையால் அனுப்பத்தக்கவர், இரகசியம் காப்பவர் என்னும் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆதலால், களப்பிரிவுகளில் அவர்களே இருக்கட்டும். சம்பளம், ஓய்வூதியம், களஞ்சியம், ஆவணம் ஆகிய துறைகளைப் பகிரங்கப் போட்டிப் பரீட்சையால் தெரிவாகும் குடியியல் உத்தியோகத்தரிடம், குறித்த காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் பெறும் நியதியோடு ஒப்படைத்தல் தகும். மிகுந்துபோன வீரர்க்குப் புகலிடமாக மேசைகளை நிரப்பினால் செலவும் குறையாது, செம்மையும் விளையாது.

இனி மொழி. 1955 முதல் 1959 வரை இராணுவத் தளபதியாயிருந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். அவர் பதவியிலிருந்தபோதே, 1956இல், சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் முன்னரே வெளியே நிறுத்தியிருந்தது. பிரசையல்லாதவர்க்கு அரச உத்தியோகம் ஏது? 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. சட்டக்கதவு திறந்துவிட்டது, மேசைவரை செல்லும் பாதைதான் இன்னும் செப்பனிடப்படவில்லை.

இதன் தேவையை 2014 அக்டோபர் 29 காட்டிற்று. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, மண்ணை அகழ்ந்தவர்களுள் படையினரும் இருந்தனர். காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதற்கோ முதல் நாட்களில் முரண்பட்ட எண்கள் வெளிவந்தன. அத்தகைய வேளையில், உயிர் தப்பியோரிடம் அவர்தம் மொழியிற் கேட்டுப் பெயர்களைப் பிழையின்றி எழுதவல்ல ஒருவர், மண்வெட்டி பிடிக்கும் பத்துப் பேருக்கு ஒப்பாவர்.

ஆகவே, அரசினர் படைகுறைப்புத் திட்டத்தோடு, இருமொழி வல்ல நிருவாக அலுவலரின் பதவிகளையும் பரீட்சை முறையையும் வெளியிடுதல் வேண்டும். ஊவாவின் ஆசிரியர்களும் தம் மாணவரை அப்பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தத் தமிழோடு சிங்களத்தையும் கணக்கியலையும் ஊன்றிக் கற்பித்தல் வேண்டும். 2030 வெகுதொலைவில் இல்லை.