பொறுமையைக் கற்றுத்தரும் வேட்டை

பிஎஸ்பி கையடக்கக் கருவியில் நான் அதிகம் விளையாடியது ‘மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்’. பல விளையாட்டுகளில் எதிரிகளைக் கொல்லக் கொல்ல நம் பாத்திரத்தின் பலம் தானாகக் கூடும். இதில் அப்படியில்லை. ராட்சத விலங்கின் அசைவுகளைக் கவனித்துப் பழகினால்தான் வெற்றி. நால்வர் சேர்ந்து ஆடினாலும், மொத்தம் மூன்று முறை வீழ்ந்தால் வேட்டை முடிந்தது. ஒருவரின் அவசரம் எல்லாரையும் பாதிக்கும்.

குறைகளும் உண்டு. நகர்வதற்கும் காட்சிக் கோணத்தைத் திருப்புவதற்கும் இடக்கையே உழைக்க வேண்டும், விரல்கள் வலிக்கும். ஒரு வேட்டைக்கு 50 நிமிடம்வரை ஆகலாம். அரிய பொருள் வேண்டுமென்றால் அதையே திரும்பத் திரும்ப ஆட வேண்டும். தேர்வு நெருங்கும் இளையர்க்கு இதுதான் ஆபத்து. தாராளமாக விளையாடுங்கள், எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.