நேசன் முதல் சுவரொட்டி வரை

இலங்கை முஸ்லிம்களின் பெரியார்களை இவ்வுலகம் எவ்வாறு அறிந்துகொண்டது என ஆராயப் புகுவார்க்குப் பத்திரிகையே முதற்கண் தோன்றும். கண்டியிலே வழக்கறிஞராக விளங்கிய மு. கா. சித்திலெப்பை (1838-1898) 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையை 1882ஆம் ஆண்டிலே தொடங்கினார். அடுத்த மாதங்களுக்குள்ளேயே எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். புதிய பத்திரிகைக்கு இதனினும் பெரிய செய்தி வேண்டுவதில்லை. ஆயினும் நேசனின் பெருமை பாஷாவினால் வந்ததன்று. பிள்ளைகளைப் படிக்கவையாத தன் சமூகத்தாரை, அவர்தம் மொழியிலேயே, முகத்துக்கு நேரே கண்டித்தமையால் வந்தது. சந்தாப் பணம் தரவேண்டியவர்களையே கண்டிப்பது பத்திரிகாசிரியனுக்கு எளிய செயலோ?

1885ஆம் ஆண்டு இருவகையால் நினைக்கத்தக்கது. சித்திலெப்பையின் 'அஸன்பேயுடைய கதை' வெளிவந்தது அவ்வாண்டில். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாக அதனைக் கொள்வர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சட்டசபையிலே, சோனகர் இனத்தால் தமிழரே எனக் கூறியதும் அவ்வாண்டிலேயே. அக்கருத்தை அவர் 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் முன் விரிவான கட்டுரையாக்கினார். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு நூல் 1907இல் வெளிவந்தது. இடையிலே 1889இல் சட்டசபையில் முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனமும் கிடைத்துவிட்டது. வாதத்தின் முடிபு எதுவாயினும் ஆகுக. யான் கவனிப்பது வேறொன்று. கட்டுரையும் ஆங்கிலத்தில், மறுப்பும் ஆங்கிலத்தில். யாரைப் பற்றி வழக்கு நடந்ததோ அம்மக்களுட் பெரும்பாலார் அறிந்த மொழியோ தமிழ்! தம்மைப் பற்றிய தீர்ப்பைத் தாம் படிக்கவியலாத நிலை அது.

நம் கரைக்கு வருவோம். 1942இல் யுத்தகாலப் பஞ்சம் நாட்டை நெருக்கியபோது, சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். நெல் விளைவிக்க வந்தவர் இங்குள்ள பிள்ளைகளின் கல்விக் குறையைக் கண்டார்; காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளோடு நட்புக் கொண்டார். 1945இல் அவர் நிறுவிய முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தின் வித்து இவ்வயல்களிலேதான் விழுந்தது எனலாம். பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகவிருந்து அவர் எழுதியவையும் பேசியவையும் அச்சில் நின்றமையால், இன்றும் நாம் அவரோடு வாதிட முடிகின்றது. சம்மாந்துறையிற் பிறந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களும் அரசியலாளர் மட்டுமல்லர். 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் மறைவதற்கு முந்திய ஆண்டு 'நான் எனும் நீ' என்ற கவிதைத் தொகுதியைத் தந்து சென்றவர்.

இன்றோ பெரியார் ஆவதற்குச் சுவரொட்டி போதும். பாலத் திறப்பு விழாவிற் பொன்னாடை, மறுநாள் பத்திரிகையிற் படம். படத்தின் கீழுள்ள பெயர் வரிசையில் ஒன்று தவறினால் அதற்கொரு கோபம்! கொழும்புப் பத்திரிகைகளை இதற்காகக் குறைகூறுதல் பயனில்லை. அனுப்பியதைத்தானே போடுவார்கள்?

இதன் கேட்டை 2019 ஜூனிலே கண்டோம். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு ஒரு பந்தலில் உண்ணாவிரதம். அதற்கு எதிராக மற்றொரு பந்தலில் முஸ்லிம்களின் சத்தியாக்கிரகம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என வர்த்தமானி வந்தது. சில நாட்களிலே அமைச்சரவை அதனை நிறுத்திவைத்தது. இங்கே வழக்கு தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலன்று, முஸ்லிம் ஊர்களுக்குள்ளேயே. இருபொழுதும் கைத்தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. எல்லை எது, குடிசனம் எத்தனை, வருமானம் எவ்வளவு என்பவற்றை இருதரப்பாரும் ஒப்பும்படி ஒரே தாளில் வைத்த கட்டுரையை மட்டும் யான் காணவில்லை.

2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. மன்னிப்புக் கோருவதென அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில். அப்பதினொரு மாதத் துயரத்தில் நம்மவர் எழுதியவற்றுட் பெரும்பகுதி தொலைபேசியில் வந்து, தொலைபேசியோடே போயிற்று. எழுபது ஆண்டு கழித்து ஒரு மாணாக்கன் கேட்பானாயின் எதனை எடுத்துக் காட்டுவோம்?

கடுதாசி விலையைக் காரணமாகச் சொல்வார் உளர். 2022இல் கொழும்பின் பெரிய நிறுவனமொன்றே கடுதாசித் தட்டுப்பாட்டாற் சனிக்கிழமைப் பதிப்புகளை அச்சிடாது விட்டது. ஆதலால் அச்சொல் முற்றும் பொய்யன்று. ஆயினும் கலியாண அழைப்பிதழும் தேர்தற் சுவரொட்டியும் அடிக்கும் அச்சகங்கள் நம் ஊர்களிற் சும்மாவிருக்கக் காணோம். மாதம் நான்கு பக்கம் அவற்றுக்குப் பாரமாகாது. கல்முனையின் எல்லைகளைக் காட்டும் படத்தை முதல் இதழிலே போடலாம். அதன் கீழ் இருதரப்பார்க்கும் சம அளவு இடம் விடலாம்.