தவணை காத்திருக்கட்டும்

பிப்ரவரி பிற்பகுதியில் சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டார வீடுகளில் சாப்பாட்டு மேசை மீது இரண்டு தாள்கள் விரிகின்றன. ஒன்று பிள்ளையின் 'ஏ' நிலைத் தேர்வு முடிவு. மற்றது, ஏறக்குறைய அதே நாள்களில் வெளியாகும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு. வேதியியலில் மனம் ஊன்றிய மகள், "அறிவியல் எடுக்கிறேன்பா" என்கிறாள். அப்பா அந்த ஆய்வின் சம்பளப் பட்டியலில் கணினித் துறையின் வரிசையைப் பார்க்கிறார். பிறகு அறிவியலின் வரிசையைப் பார்க்கிறார். அதோடு பேச்சு மாறிவிடுகிறது.

அந்த அப்பாவைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அரசாங்க மானியம் போக, குடிமக்களுக்கு அறிவியல் பட்டப்படிப்பின் கட்டணம் ஆண்டுக்கு எட்டாயிரம் வெள்ளிக்கு மேல். நான்காண்டு சிறப்புப் பட்டம் என்றால் 32,000 வெள்ளியைத் தாண்டும். பல குடும்பங்கள் இதற்குப் பெற்றோரின் மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கைத்தான் திறக்கின்றன. எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி ஓடத் தொடங்குகிறது. பிள்ளை பட்டம் வாங்குவதற்குள் வட்டி மட்டுமே ஏறத்தாழ 2,000 வெள்ளி சேர்ந்துவிடும். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்குள் அடைப்பதென்றால், நம் கணக்கின்படி மாதம் 280 வெள்ளி அளவில் வரும். அந்தப் பணம் வட்டியோடு பெற்றோரின் சேமநிதிக் கணக்குக்கே திரும்பிப் போகிறது. ஒரு தவணை தவறினால் குறைவது அம்மாவின் முதுமைக்கால அரிசிக் காசு. பிள்ளைக்கும் அது தெரியும். வங்கிக் கடனில் இல்லாத பாரம் இது.

ஆனால் அந்தச் சம்பளப் பட்டியல் எதை அளக்கிறது? இறுதித் தேர்வு முடிந்து சுமார் ஆறு மாதத்தில் நிலை என்ன என்பதை. 2024ஆம் ஆண்டுப் பட்டதாரிகளில் வேலைச் சந்தையில் இருந்தோருள் நிரந்தர முழுநேர வேலை கிடைத்தவர்கள் 79.5 விழுக்காடு. அதற்கு முந்திய ஆண்டில் அது 84.1. நிரந்தர வேலையில் சேர்ந்தவர்களின் இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளி. அறிவியல் படித்தவர்கள் பெரும்பாலும் இதற்குக் கீழேதான் தொடங்குகிறார்கள். காரணம் அவர்களின் திறமைக் குறைவு அன்று. ஆய்வுக்கூடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வை நடத்த முனைவர் பட்டம் வேண்டும். அந்தப் பட்டத்துக்கான நாலைந்து ஆண்டும் உதவித்தொகைதான். வழக்கமான சம்பளம் கிடையாது. கீரைப் பாத்தியையும் தென்னங்கன்றையும் ஒரே நாளில் அளந்து, தென்னை காய்க்கவில்லை என்று எழுதுவது போன்றது இது.

அறிவியலில் வருமானம் தாமதித்து வருகிறது. கடன் சீக்கிரம் வந்து கதவைத் தட்டுகிறது. இதுதான் சிக்கல். இதைத் தீர்க்க மகள் பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கடனின் விதி மாறினால் போதும். ஆஸ்திரேலியா 1989லேயே இதைச் செய்தது. அங்கே வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே, வரியோடு சேர்த்துக் கல்விக் கடனைப் பிடிக்கிறார்கள். பிரிட்டனிலும் வருமானத்தைப் பொறுத்தே தவணை. மாதந்தோறும் முதலாளிகள் சேமநிதி கட்டும் சிங்கப்பூரில் யாருக்கு என்ன சம்பளம் என்பதை அறிய அரசாங்கத்துக்குப் புதிய ஏற்பாடே தேவையில்லை. சம்பளம் ஒரு வரம்பைத் தொடும்வரை தவணை தானாக நிற்க வேண்டும். மேற்படிப்பில் இருக்கும் காலத்துக்கு வட்டியை அரசாங்கம் ஏற்று, பெற்றோரின் கணக்கில் போட வேண்டும்.

கட்டணத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே மானியமாகத் தரும் வரிப்பணம் இன்னும் எவ்வளவு சுமக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2021 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆய்வுக்கும் புத்தாக்கத்துக்கும் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கிய நாடு இது. அந்த ஆய்வுக்கூடங்களில் நிற்கப்போகும் உள்ளூர்ப் பிள்ளையின் சில ஆண்டு வட்டி அதன் முன்னே எம்மாத்திரம்? கழிவுநீரைக் குடிநீராக்கியதும் டெங்கிக் கொசுவோடு போராடுவதும் இந்தப் பாடங்களைப் படித்தவர்கள்தானே.

சம்பளப் பட்டியலும் மாற வேண்டும். பட்டம் பெற்ற ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டுச் சம்பளத்தையும் பாடவாரியாக வெளியிட வேண்டும். பிரிட்டன் வெளியிடுகிறது. சில பாடங்களின் வருமானம் அப்போதும் தாழ்ந்தே இருந்தால், அதையும் பெற்றோர் தெரிந்துகொள்ளட்டும். அரைகுறைக் கணக்கைப் பார்த்து அஞ்சுவதைவிட முழுக் கணக்கைப் பார்த்துத் துணிவது நல்லது.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, உடலுழைப்பில் வாழ்ந்த எளியவர்கள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். அந்தப் பாடம் படித்தால் என்ன சம்பளம் வரும் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தச் சமூகத்தின் பேரப்பிள்ளைகள் இன்று ஆய்வுக்கூட வாசலில் தயங்கி நிற்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

இந்த ஆண்டே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கல்வி அமைச்சின் கட்டணக் கடன் 90 விழுக்காடு வரை தருகிறது. படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி இல்லை. முடித்ததும் வட்டி ஏறும் என்பதால் அதையும் சேமநிதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா வீட்டிலும் அந்தக் கணக்கைப் போட ஆள் இல்லை. நம் மாதச் சந்தாவில் நடக்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, பீட்டி சாலையில் தன் கதவைத் திறந்துவைத்து, பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் முடியும்வரை ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்து இதைச் செய்து கொடுக்கட்டும். மற்றது நாடாளுமன்றத்தின் வேலை. கல்வி அமைச்சின் செலவு ஒதுக்கீட்டு விவாதமும் இதே பருவத்தில்தான் வருகிறது. தவணை ஏன் காத்திருக்கக் கூடாது என்று நம் உறுப்பினர்கள் அங்கே எழுந்து கேட்க வேண்டும்.